சிற்றில் சிதைப்பவர்கள்: கைபேசி விளையாட்டில் பெண்களின் இடம்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் சிதைத்தல். சிறுமியர் மணலைக் குவித்துச் சுவர் எழுப்பி, அடுப்பு வைத்து, மணற்சோறு ஆக்கிச் சிறு வீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான ஆண்குழந்தை வந்து அதைக் காலால் கலைக்கிறான். எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுகிறார்கள். அந்தப் பருவத்துப் பாடல்கள் முழுக்கக் கெஞ்சல்தான். பெண்பாற் பிள்ளைத்தமிழில் இதற்கு எதிர்ப்பருவம் கிடையாது. அங்கே பெண்குழந்தை அம்மானை ஆடுவாள், நீராடுவாள், ஊசலாடுவாள். சில நூல்களில் கழங்கும் ஆடுவாள். எந்தப் பெண்குழந்தையும் போய் ஒரு பையனின் சிறுதேரை உடைப்பதில்லை.

வகுப்பறையில் இந்தப் பருவத்தை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். சிதைப்பவன் பக்கம் நின்று எழுதப்பட்ட பாடல்கள் இத்தனை இருக்கின்றன. கட்டியவள் பக்கம் நின்று எழுதியது யார்? ஆண்டாளின் பெயர் வருவதற்குச் சற்று நேரம் ஆகும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும் சிற்றில் கட்டிய பெண்களின் குரல். அங்கும் சிதைப்பவன் கண்ணன், அங்கும் வேண்டுகோள்தான். ஆனாலும் மணலை அரித்தெடுத்துக் கட்டியவளின் முதுகுவலியும் சினமும் அதற்குள் வந்துவிடுகின்றன. அடியார்க்கு இறைவனிடம் இருக்கும் உரிமை, கட்டியவளுக்குத் தன் கட்டுமானத்தின் மீது இருக்கும் உரிமை, இரண்டும் அங்கே ஒரே பேச்சாக ஒலிக்கின்றன.

கைபேசி விளையாட்டைப் பற்றிய கட்டுரை ஆண்டாளிடம் தொடங்குவது தமிழ்த்துறைக்காரியின் பழக்கதோஷம் என்று வாசகர் நினைக்கலாம். ஆனால் இன்று வகுப்பறைக்கு வெளியே, படிக்கட்டில், பேருந்தில், விடுதிக் கட்டிலில் கைபேசியில் விளையாடும் பெண்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் பேச்சு மிகவும் வறியது. 'பெண்களுக்கு இதில் என்ன வேலை' என்பது ஒரு பேச்சு. 'பெண்கள் இப்போதுதான் விளையாட வந்திருக்கிறார்கள்' என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. பெண்கள் எப்போதும் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த விளையாட்டுக்கான இடமும் நேரமும்தான் அவர்களுடையவையாக இருந்ததில்லை.

*

சங்க அகப்பாடல்களில் விளையாடும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ஓரை, வண்டல், கழங்கு, பந்து, ஊசல், அலவனாட்டு, புனலாட்டு என்று சொற்களே ஒரு தனி அகராதிக்குத் தேறும். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் ஊசல் வரியும் அடுத்தடுத்து வருகின்றன. பாடிக்கொண்டே பந்தடித்தவர்களின் மூச்சின் கணக்கு அவற்றின் சந்தத்தில் இருக்கிறது.

அதே அகமரபு அந்த விளையாட்டு எப்போது நிற்கிறது என்பதையும் பதிவு செய்திருக்கிறது. அதன் பெயர் இற்செறிப்பு. பருவம் வந்ததும், அல்லது அலர் எழுந்ததும், தலைவி வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். தோழியரோடு கடற்கரையில் நண்டு விரட்டியவள் வாயிலைத் தாண்டக் கூடாது. உடன்போக்குப் பாடல்களில் மகள் போன பிறகு தாயும் செவிலியும் அவள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் கழங்கையும் பார்த்துக் கலங்குகிறார்கள். மகளின் நினைவுக்கு ஆகுபெயராக நிற்பவை விளையாட்டுப் பொருள்கள். அவள் வளர்ந்ததை நாம் அறிவதே விளையாட்டு நின்றுபோனதை வைத்துத்தான்.

இற்செறிப்புக்குப் பின் விளையாட்டு முழுவதும் ஒழிந்துவிடவில்லை. அது வீட்டுக்குள் வந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் என் தலைமுறைப் பெண்கள் திண்ணையிலும் பட்டாசாலையிலும் உட்கார்ந்து ஆடியவை தாயம், பல்லாங்குழி, தட்டாங்கல். ஒரு பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ காய்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. வயதுக்கு வந்து தனியே உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்குத் துணையாகப் பல்லாங்குழிப் பலகையைக் கொடுத்த வீடுகள் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம். உட்கார்ந்த இடத்திலேயே ஆடலாம்; அடுப்பில் உலை கொதித்தால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; யாராவது வந்தால் சட்டென்று ஓரமாகத் தள்ளிவிடலாம். இந்த மூன்று இயல்புகளையும் நினைவில் வைத்துக்கொள்வோம். கைபேசி விளையாட்டின் வரலாற்றுக்கு இவை திரும்பவும் தேவைப்படும்.

*

மின்னணு விளையாட்டின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்களைப் பற்றியே எழுதினார்கள். ஆனால் தொடக்கத்திலேயே பெண்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட்டா வில்லியம்ஸ் தன் கணவர் கென்னுடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட 'மிஸ்டரி ஹவுஸ்', கதையோடு படங்களையும் திரையில் காட்டிய முதல் கணினிச் சாகச விளையாட்டுகளில் ஒன்று. அடாரி நிறுவனத்தில் டோனா பெய்லி, எட் லாக் என்பவருடன் சேர்ந்து 1981இல் 'சென்டிபீட்' உருவாக்கினார். கரோல் ஷா 1982இல் 'ரிவர் ரெய்ட்' எழுதினார். ஜப்பானில் தோரு இவதானி 1980இல் 'பேக்-மேன்' உருவாக்கியதற்குக் காரணம், ஆண்களின் கூடாரமாக இருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்ற எண்ணம். சுடுவதும் கொல்வதுமாக இல்லாமல் தின்பதை அவர் விளையாட்டாக்கினார்.

பிறகு சந்தை திரும்பியது. 1983இல் அமெரிக்க விளையாட்டுத் தொழில் சரிந்து, அதன்பின் மீண்டு வந்தபோது விளம்பரங்கள் பையன்களைப் பார்த்துப் பேசத் தொடங்கின. 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட கையடக்கக் கருவியின் பெயரே 'கேம் பாய்'. கடைக்காரர் பொம்மை அடுக்கும் அலமாரியில் அது பையன்களின் பக்கம் போனது. சிறுமிகளுக்கென்று விளையாட்டு செய்யவேண்டும் என்று பிரெண்டா லாரல் 1996இல் 'பர்ப்பிள் மூன்' நிறுவனத்தைத் தொடங்கினார். சிறுமிகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று முதலில் அவர்களிடமே கேட்டுவிட்டுப் பிறகு செய்த நிறுவனம் அது. 1999இல் மூடப்பட்டது.

பெண்கள் விளையாடவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் காலம் இதுதான். உண்மையில் அவர்கள் விளையாடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்காத காலம் அது.

*

1997இல் நோக்கியா 6110 கைபேசியில் ஒரு பாம்பு வந்தது. பின்லாந்தின் தானெலி அர்மாந்தோ எழுதிய நிரல். நான்கு திசை, ஒரு புள்ளி, தின்னத் தின்ன நீளும் வால். தன்னைத் தானே கடித்தால் ஆட்டம் முடிந்தது. நம் ஊருக்கு அது சில ஆண்டுகள் கழித்து, நோக்கியா 1100 போன்ற விலை குறைந்த கைபேசிகளோடு வந்து சேர்ந்தது. வீட்டில் ஒரு கைபேசிதான் இருக்கும். அது அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. அவர்கள் குளிக்கப் போகும் நேரம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் பெண்கள் அதை எடுத்து விளையாடினார்கள். பாம்பு விளையாட்டு ஒரு பைசா செலவில்லாதது, சத்தத்தை அணைத்துவிடலாம், தடயம் இருக்காது. மதிப்பெண் மட்டும் இருக்கும். 'இந்த ஸ்கோர் யார் வச்சது?' என்று அண்ணன் கேட்டதும், தங்கை வாயைத் திறக்காமல் தோசை ஊற்றியதும் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும்.

அந்தக் காலத்தில் கைபேசி இன்னொரு வழியிலும் தமிழ்ப் பெண்களின் கைகளில் இருந்தது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே கைபேசிகளைப் பொருத்தியவர்களில் பெரும்பான்மையோர் கிராமங்களிலிருந்து போன இளம்பெண்கள். 2010இல் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2014 நவம்பரில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். இன்று அதே பகுதியில் ஐபோன் பொருத்தும் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் எழுதியது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விளையாடுபவளுக்கு மட்டும் இருந்த இற்செறிப்பு, விளையாடும் கருவியைச் செய்பவளுக்கும் வந்திருக்கிறது.

*

தொடுதிரை வந்தபின் நிலைமை மாறியது. 2012இல் 'கேண்டி க்ரஷ்' கைபேசிக்கு வந்தது. ஒரே நிற மிட்டாய்கள் மூன்றைச் சேர்த்தால் உடையும். அதில் ஆடுபவருக்கு ஐந்து உயிர்கள். தீர்ந்துபோனால் அரைமணிக்கு ஓர் உயிராகத் திரும்ப வரும். காத்திருக்க முடியாதவர் காசு கொடுத்து வாங்கலாம். பல்லாங்குழியின் மூன்று இயல்புகளும் இங்கே அப்படியே இருக்கின்றன: உட்கார்ந்த இடத்தில் ஆடலாம், குக்கர் விசிலடித்தால் எழுந்து போகலாம், யாராவது வந்தால் மறைத்துவிடலாம். 2016இல் மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'லூடோ கிங்', 2020 ஊரடங்கில் வீடுதோறும் நுழைந்தது. அது நம் தாயத்தின் உறவுக்கார ஆட்டமான பச்சீசி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோவாகிப் பின் கைபேசி வழியாக நம் வீட்டுக்கே திரும்பி வந்த கதை.

விளையாட்டு உலகம் இந்த வகைக்கு வைத்த பெயர் 'கேஷுவல்'. பொழுதுபோக்காக, பட்டும் படாமல் ஆடுவது என்று பொருள். துப்பாக்கி ஆட்டம் ஆடுபவன் 'கேமர்'. ஆயிரம் நிலை தாண்டிய அத்தை சும்மா ஆடுபவர். இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள்; அதில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆகியிருக்கிறது. ஐந்தாண்டில் பெண்ணுக்கு மிச்சமானது பத்து நிமிடம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டி ஆடுவதற்குத் திறமை வேண்டும். அதற்கு முன்னால் அந்த இரண்டு மணி நேரம் வேண்டும். துண்டு துண்டான நேரம் கிடைப்பவள் துண்டு துண்டான ஆட்டத்தைத்தான் ஆட முடியும். பிறகு அந்தத் துண்டு நேரத்தைக் காட்டியே அவளது ஆட்டம் ஆட்டமல்ல என்று சொல்லப்படுகிறது. ஆனால் பணக் கணக்கு எழுதும்போது யாரும் அதைச் சும்மா என்று சொல்லவில்லை. கேண்டி க்ரஷ் நிறுவனம் 2016இல் 590 கோடி டாலருக்குக் கைமாறியது. அடுப்படியில் காத்திருந்த அரைமணி நேரங்களும் அந்தத் தொகையில் இருக்கின்றன.

*

இனி சிற்றில் சிதைத்தல். அமெரிக்கரான அனிட்டா சர்க்கீசியன் விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள் எப்படி வரையப்படுகிறார்கள் என்பதைக் காணொளிகளாக ஆராய முனைந்தார். 2012இல் அதற்குப் பொதுமக்களிடம் நிதி கேட்ட நாளிலிருந்தே வசை தொடங்கியது. 2014இல் ஜோயி க்வின் என்ற விளையாட்டு வடிவமைப்பாளரைக் குறிவைத்துக் கிளம்பிய கூட்டுத் தாக்குதல் 'கேமர்கேட்' என்று பெயர் பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்க்கீசியன் பேசவிருந்தார். பேசினால் சுட்டுக்கொல்வோம் என்று மிரட்டல் வந்தது. துப்பாக்கியோடு அரங்குக்கு வருவதைச் சட்டப்படி தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் உரையை ரத்து செய்தார். கட்டியதைக் காலால் கலைப்பது, கலைத்ததைக் குறும்பு என்று சொல்வது, கெஞ்சவேண்டிய பொறுப்பைக் கட்டியவளுக்குத் தருவது: பிள்ளைத்தமிழின் இலக்கணம் அமெரிக்காவிலும் செல்லுபடியாகிறது.

நம் ஊரில் இதற்குப் பெயரில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2018இல் 'பப்ஜி' கைபேசிக்கு வந்தது. குழுவாகச் சேர்ந்து, வாயால் பேசிக்கொண்டே ஆடும் ஆட்டம் என்பதுதான் அதில் புதிது. எங்கள் மாணவிகள் அதை ஆடினார்கள். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அது தடைசெய்யப்பட்டதும் வேறு ஆட்டங்களுக்குப் போனார்கள். எப்படி ஆடினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பையன் பேருதான் வைப்போம் மேம். மைக்க ஆன் பண்ணவே மாட்டோம். வாயத் தொறந்தா போச்சு," என்றாள் ஒருத்தி. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் யாருக்கும் அது விளங்காமல் இல்லை. எண் கேட்பார்கள், கெட்ட வார்த்தை வரும், தோற்றால் 'பொம்பளைய வச்சு ஆடுனா இப்படித்தான்' என்பார்கள். ஊமையாக ஆடினால் குழுவோடு ஒத்துழைக்கவில்லை என்று வெளியேற்றுவார்கள். பேசினாலும் தோல்வி, பேசாவிட்டாலும் தோல்வி.

ஆணின் பெயரில் எழுதிய பெண்களைப் பற்றி இலக்கிய வரலாற்றில் படிக்கிறோம். ஆணின் பெயரில் விளையாடும் பெண்கள் நம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதனால் நடக்கும் இன்னொன்று, பெண்கள் இல்லை என்ற கணக்குக்கு இந்தப் பெண்களே சான்றாகிவிடுவது. 2024 ஏப்ரலில் பிரதமர் சந்தித்த ஏழு விளையாட்டுக் கலைஞர்களில் பாயல் தாரே ஒருவர்தான் பெண். ஏழில் ஒன்று என்ற விகிதத்தைப் பார்ப்பவர், மைக்கை அணைத்துவைத்திருக்கும் மற்றவர்களை எப்படி எண்ணுவார்?

*

விளையாட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்டது இணையச் சூதாட்டம். பணம் கட்டி ஆடும் ரம்மியில் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2021இல் கொண்டுவந்த சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பேரவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடத் தடை விதித்தன. ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த நீண்ட வழக்காடலில் பெண்கள் எங்கே வருகிறார்கள்? ரம்மியில் தோற்றவனின் மனைவியாக வருகிறார்கள், தாயாக வருகிறார்கள். அவர்களின் துயரம் உண்மையானது. அடகுக்கடைக்குப் போன தாலிச் செயினும் கம்மலும் அவர்களுடையவை. கணவன் போனபின் கடன்காரர் கதவைத் தட்டியதும் அவர்களைத்தான். இந்தச் சட்டம் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் ஆணுக்காக வந்த தடையின் நிழல் பெண்ணின் மீது எப்படி விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 'விளையாட்டு குடியைக் கெடுக்கும்' என்ற பேச்சு ஊருக்குள் பரவியபோது, பல வீடுகளில் முதலில் பிடுங்கப்பட்டது மகனின் கைபேசி அல்ல, மகளுடையது. அவள் பணம் கட்டி ஆடவில்லை. அவளிடம் கட்டப் பணமும் இல்லை. சூதாட்டம் வேறு, விளையாட்டு வேறு என்ற வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது; நடுவீட்டில் இல்லை.

கைபேசியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2019-21இல் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 54 விழுக்காட்டினரிடம்தான் தாமே பயன்படுத்தும் கைபேசி இருந்தது. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57. திண்டுக்கல் சமவெளியில் வேடசந்தூர், நத்தம் பக்கம் போனால் நூற்பாலைகள் வரிசையாக இருக்கும். மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை எடுத்த சுமங்கலித் திட்டத்தின் காலத்தில், மேற்கு மாவட்டங்களிலும் இங்கும் ஆலை விடுதிகளில் கைபேசிக்குத் தடையோ கடுமையான கட்டுப்பாடோ இருந்ததைத் தொழிலாளர் அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் நூல் அறுபடாமல் பார்த்துக்கொண்டு நடந்தவளுக்கு, இரவில் பத்து நிமிடம் விளையாடக் கைபேசி இல்லை. காரணம், அதில் அவள் யாரிடமாவது பேசிவிடுவாள். இற்செறிப்பு என்ற சொல்லுக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண். எங்கள் மாவட்டத்தில் அதற்குக் காம்பவுண்ட் சுவரும் வாட்ச்மேனும் இருந்தார்கள்.

*

செய்பவர்களின் பக்கமும் ஒரு பட்டியல் உருவாகி வருகிறது. கைபேசி விளையாட்டுகளை வடிவமைத்துவரும் பூர்ணிமா சீதாராமன், 2020இல் 'விமன் இன் கேம்ஸ்' அமைப்பின் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் இந்தியர். கொல்கத்தாவின் லீனா கெஜ்ரிவால் ஒளிப்படக் கலைஞர். பெண்கள் கடத்தப்படுவதைப் பற்றிப் பொது இடங்களில் நிழலுருவங்களை நிறுவியவர். 2016இல் அவர் 'மிஸ்ஸிங்' என்ற கைபேசி விளையாட்டை வெளியிட்டார். ஆடுபவர் கடத்தப்பட்ட சிறுமியாக இருந்து தப்பிக்கும் வழி தேட வேண்டும். எந்த வழியில் போனாலும் எளிதில் வெளியேற முடியாது என்பதுதான் அந்த ஆட்டம் சொல்வது. இளவரசியை மீட்க ஓடும் வீரனாக இருந்தே பழகிய கைகளுக்கு, மீட்க யாரும் வராத சிறுமியாக இருப்பது எப்படி என்று அது கற்றுத்தந்தது.

என்னிடம் படிக்கும் முதுகலை மாணவிகள் சிலர் கைபேசி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில், பெண்களே எழுதும் ஒரு தொகுப்புக்குத் திட்டமிட்டு வருகிறார்கள். எந்த விளையாட்டு நன்றாக இருக்கிறது, எது பணம் பிடுங்குகிறது, எதில் அந்நியர் பேச வருவதை அணைத்துவைக்கலாம் என்று முதலில் பட்டியலிட்டார்கள். இது தேவைதான்; தங்கைக்குச் சொல்லித்தர அக்கா வேண்டும். இதற்கு மேல் சிலவற்றைச் சேர்க்கச் சொன்னேன்.

ஒன்று, சொற்கள். 'பசு', 'தாயம்', 'வெட்டு', 'மலையேறுதல்' என்று நம் பெண்கள் ஆட்டத்துக்குச் செய்த சொற்கள் நிறைய உண்டு. பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். புதிய ஆட்டத்தை எழுதும்போது அவை உதவும். உதவாவிட்டாலும் நிகண்டில் சேரும்.

இரண்டு, நேரம். எந்த ஆட்டத்தை ஆடினாய் என்பதோடு எப்போது, எங்கே, யாருடைய கைபேசியில், யாருக்குத் தெரியாமல் என்றும் எழுத வேண்டும். விளையாட்டின் விமர்சனத்தில் அடுப்பும் பேருந்தும் விடுதிக் காப்பாளரும் வரட்டும். ஆண்கள் எழுதும் மதிப்புரையில் இவை வருவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஆடும்போது இவை குறுக்கே வருவதில்லை.

மூன்று, தோற்றதையும் விலகியதையும் எழுத வேண்டும். வசை தாங்காமல் ஒரு ஆட்டத்தை நீக்கியவள் விளையாடத் தெரியாதவள் அல்ல. அவள் ஏன் போனாள் என்பது அந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு பக்கம். அந்தப் பக்கம் எழுதப்படாததால்தான் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று எளிதாகச் சொல்ல முடிகிறது.

நான்கு, ஆலைப் பெண்களைச் சேர்க்காமல் புத்தகத்தை முடிக்கக் கூடாது. கைபேசியைப் பொருத்தியவளும், கைபேசி மறுக்கப்பட்டு நூல் நூற்றவளும் விளையாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கல்லூரிப் பெண்கள் போய்க் கேட்க வேண்டும். திண்டுக்கல்லில் அதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. ஒரு டவுன் பஸ் போதும்.

பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள், விளையாட்டால் அவளுக்கு என்ன பயன் என்று அடுத்துக் கேட்பார்கள். மூளை கூர்மையாகும், கணக்கு வரும், வேலை கிடைக்கும் என்று பயன்களைச் சொல்லித்தான் இதுவரை பெண்ணுக்கு எதையும் வாங்கியிருக்கிறோம். படிப்பைக்கூட அப்படித்தான் வாங்கினோம். விளையாட்டுக்கு அந்தப் பதிலைத் தர எனக்கு விருப்பமில்லை. பயனில்லாத ஒன்றில் பத்து நிமிடம் செலவிட ஆணுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவளுடைய நேரம் அவளுடையது என்பதை ஒப்புக்கொள்ள அந்தப் பத்து நிமிடமே போதுமான சோதனை.

மாணவிகள் இப்போது முதல் கட்டுரைகளை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். புனைபெயர் வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். வைக்கலாம், ஆனால் பெண் பெயராக வை என்றேன்.